மைனாக்களோடு வந்த காகம்

ஆற்றங்கரைப் பெண்கள் மடத்தில் சோறு வடித்ததும் முதல் பிடி காகத்துக்குத்தான். இறந்தவர்கள் காகமாய் வந்து உண்பார்கள் என்று வைப்பார்கள். பூரணி மட்டும் வைக்கமாட்டாள்.

அவள் மகன் சேந்தன் வீட்டைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. "அவனுக்கென்று காகத்துக்கு ஒரு பிடி வைத்துவிடு, மனசு ஆறிவிடும்" என்றார்கள் உறவினர்கள். அந்தச் சொல்லைத் தாங்கமாட்டாமல்தான் அவள் மடத்துக்கே வந்தாள்.

தன் சோற்றில் பாதியைக் கொல்லையில் மைனாக்களுக்குப் போடுவாள். அவற்றுக்கு நடுவே, ஒரு சிறகு தொங்கிய காகம் ஒன்றும் வந்து சேர்ந்தது. முறத்தை வீசி விரட்டினாள். மறுநாளும் வந்தது. நாளாக நாளாக விரட்டக் கை எழவில்லை. அவள் துணி துவைக்கப் போனால் துறை வரைக்கும் கூடவே பறந்தது.

"உன் பிள்ளைதான் வந்திருக்கான், பூரணி! போ, ஊட்டிவிடு" என்றாள் கூட இருந்த ஒருத்தி, சிரித்துக்கொண்டே.

பூரணி குருவிடம் ஓடினாள். குரு ஞானாம்பாள் அவளைவிட வயதில் இளையவர்.

"தாயே, இது அவனா?"

"ஏன் கேட்கிறீர்கள், அக்கா?"

"இத்தனை பேரில் என்னை மட்டும் தேடி வருகிறதே."

"பார்த்துவிடலாம், வாருங்கள்."

எல்லோரையும் வெள்ளைச் சேலையில் முக்காடிட்டு வரிசையாக உட்காரச் சொன்னார் குரு. ஆளுக்கு ஒரு பிடி சோறு கொடுத்து, தானும் ஒரு பிடியோடு உட்கார்ந்தார்.

காகம் இறங்கியது. ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தது. பூரணியின் முன்னால் நின்றது. அவள் உள்ளங்கையிலிருந்து கொத்தித் தின்றது.

"என் முகம் இதற்குத் தெரிகிறது, தாயே."

"தெரியாமல் என்ன? தினமும் சோறு போட்ட முகம்."

"அப்படியென்றால் சேந்தன்..."

காகம் கடைசிப் பருக்கையையும் தின்று, கல்லில் அலகைத் துடைத்துக்கொண்டு, வேப்பமரத்துக்குப் பறந்து போனது.

"அவன் போன அன்றைக்கு என்ன நடந்தது, அக்கா?"

"அப்பாவோடு சண்டை. சாப்பிட உட்கார்ந்தவன் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். ஒரு வாய்கூட உண்ணவில்லை, தாயே. ஒரு வாய்கூட."

குரு தன் கையிலிருந்த பிடிச் சோற்றைப் பூரணியின் கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தார்.

"காகம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது, அக்கா. அவன் சாப்பிடாமல் போனவன். அவனுக்கு மூடி வையுங்கள்."