பட்டுக்கடை மெத்தையும் குளுக்கோஸ் டப்பாவும்

பட்டுக்கடை மாசிலாமணி மடத்துக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்தின் குருவை எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குருதான் என்றாலும் மாசிலாமணியைவிட வயதில் இளையவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். அந்தக் கண்ணாடியைப் பற்றி மாசிலாமணி ஒருநாளும் யோசித்ததில்லை.

"அம்மா, பசியை அடக்க ஒரு மந்திரம் வேணும்."

"வீட்டுல சாப்பாடு இல்லையா?"

"இருக்கு. சாப்பிடத்தான் முடியலை."

மாசிலாமணிக்குச் சர்க்கரை நோய். காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். பட்டுக்கடை மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டும் வேலையில் அது நடக்காது. கூறைப்புடவை எடுக்க ஒரு கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்தால், முதல் புடவையை விரித்துக் காட்டியவர் அவர்கள் எடுத்து முடிக்கும்வரை மெத்தையை விட்டு எழக்கூடாது. எழுந்தால் அபசகுனம் என்று அவர்களும் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மெத்தையில் உட்கார்ந்து தின்பதோ முதலாளிக்கு ஆகாது.

போன முகூர்த்தத்தில் ஒரு குடும்பம் மத்தியானம் தாண்டியும் முடிவுக்கு வரவில்லை. மாசிலாமணிக்குச் சர்க்கரை இறங்கியது. வேர்த்தது. கை நடுங்கியது. வாய் குழறியது.

"குடிச்சிருக்கான்னுட்டாங்க, அம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சுகர்னு சொன்னேன். அது குடியைவிட மோசமாப் போச்சு. 'நோயாளியை எல்லாம் மெத்தையில உட்கார வைக்க முடியாது, நீ குடோனுக்குப் போ'ன்னுட்டார் முதலாளி. கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கேன்."

"குடோன்ல என்ன வேலை?"

"அட்டைப்பெட்டி அடுக்கணும். நான் கூறை எடுத்துக் கொடுத்த பொண்ணுங்க, இப்போ மகளைக் கூட்டிக்கிட்டு வந்து என்னைத் தேடுறாங்க, அம்மா. இருட்டுல கிடந்தா யார் கண்ணுல படுவேன்? அதனாலதான் கேக்கறேன். பசியும் நடுக்கமும் வெளியே தெரியாம இருக்கணும்."

"ஊசி எங்கே போட்டுக்கிறீங்க?"

"கடைக் கக்கூஸ்லதான். யாரும் பார்த்துடக்கூடாதே."

அம்மா கீரைத் தட்டைத் தரையில் வைத்தார்.

"மந்திரம் இருக்கு. புத்தகம் பார்த்துத்தான் சொல்லணும்."

பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து ஒரு வரி சொன்னார். மறுபடி உள்ளே போனார். இரண்டாவது வரியோடு வரும்போது தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டார். மூன்றாவது வரியோடு வந்தபோது கீரைத் தட்டையே மிதித்துவிட்டார்.

"பார்த்து, அம்மா! கண்ணாடி எங்கே?"

"உள்ளே. சோப்பு டப்பா பக்கத்துல."

"அங்கே எதுக்கு?"

"குருவுக்குக் கண்ணு மட்டுன்னு வெளியே தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா சொன்னீங்க! கண்ணாடி போட்டா யாரும்மா என்ன நினைக்கப்போறா?"

"உங்க முதலாளி போடுவாரா?"

"அது இல்லாம அவருக்குப் பில் படிக்கவே வராது."

"கக்கூஸ்ல போயா மாட்டிக்கிறார்?"

மாசிலாமணியின் சிரிப்பு நின்றது. குனிந்து, சிதறிய கீரையை அள்ளித் தட்டில் போட்டார். மந்திரத்தின் மிச்ச வரிகளைக் கேட்காமலே கிளம்பிப் போனார்.

வாரம் முடிவதற்குள் திரும்பி வந்தார். நடையே மாறியிருந்தது.

"கேட்டுட்டேன், அம்மா. கல்லாவுக்கு நேரா நின்னு, எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன். 'குடோன்னா குடோன்னு எழுதிக் கொடுங்க. காரணத்தையும் எழுதுங்க. வேலை தெரியாதவன்னு எழுதுவீங்களா, சுகர்காரன்னு எழுதுவீங்களா'ன்னேன்."

"என்ன எழுதினார்?"

"பேனாவை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெத்தியிலயே இருந்தது. கடைசியில ஒண்ணும் எழுதலை. 'சரிப்பா, மெத்தையிலயே இரு. நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டுக்கோ, குளுக்கோஸ் டப்பாவும் வச்சுக்கோ'ன்னுட்டார்!"

"நல்லது."

"ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். வர்றவங்க கண்ணுல படாம டப்பாவை மெத்தைக்கு அடியில வச்சுக்கணுமாம். அது என்ன பெரிய விஷயம், சரின்னுட்டேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைத் தூக்கி, அதைக் கை போகிறவரை உள்ளே தள்ளினார். பிறகு அன்றைய கீரையை ஆயத் தொடங்கினார். பூச்சி அரித்த இலை நல்ல இலையோடு சேர்ந்தது. நல்ல இலை குப்பைக்குப் போனது.

மாசிலாமணி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கடைக்குத்தான், அம்மா. முதலாளிகிட்ட இன்னும் ஒரு பேச்சு பாக்கி இருக்கு."

அம்மா பாயின் அடியில் கைவிட்டுத் துழாவினார். இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார்.

"போறதுக்கு முன்னால என் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க," என்றார். "வேணுங்கிற நேரத்துல கைக்குக் கிடைக்க மாட்டேங்குது."