தரை விட்ட சக்கரம்

காசிமாயன் ஐம்பத்திரண்டு வயதில் மைமூனிடம் வேலை கற்க வந்தவர். அவளுக்கு முப்பத்தைந்து. கம்பத்திலிருந்து மலையேறும் சாலையோரத்தில் அவளுடைய ஜீப் பட்டறை. இருபத்தாறு வருடம் வீரபத்திரனின் ஜீப்பை மலைக்கு ஓட்டியவருக்கு முழங்கால் மடங்காமல் போனது. வண்டிகளை விட்டு விலக மனமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தார்.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு அதே ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றது. உள்ளே ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பதினான்கு பேர். டிரைவர் வராததால் முதலாளி வீரபத்திரனே ஓட்டிவந்திருந்தார்.

“நேத்து என்னடா பார்த்த காசி? இன்னமும் வண்டி இறுக்கிப் பிடிக்குது. பிரேக்கை மிதிச்சா அடிவரைக்கும் போகுது.”

காசிமாயனுக்கு முகம் சுண்டிவிட்டது. நேற்று மைமூன் தேனிக்குப் போயிருந்தாள். வண்டி இழுக்க மறுக்கிறது, வளைவில் ஸ்டியரிங் கல்லாகிறது என்று டிரைவர் சொன்னான். பிரேக் ஒட்டியிருக்கிறது என்று இவராக முடிவுகட்டி, நான்கு சக்கரத்திலும் பிரேக்கைத் தளர்த்தி அனுப்பிவிட்டார்.

“தாயி, பிடிக்கிறது பிரேக்கா, வேற எதுவுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று மைமூனிடம் கேட்டார்.

“எல்லாரையும் இறங்கச் சொல்லுங்கண்ணே.”

பெண்கள் தூக்குவாளிகளோடு இறங்கினார்கள்.

“மாயண்ணே, ஓட்டுன காலத்துல தள்ள விட்டீங்க. இப்ப நிக்க விடுறீங்க. என்னைக்குத்தான் உக்கார விடுவீங்க?” என்றாள் அவர்களில் ஒருத்தியான பேச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். வீரபத்திரன் சிரிக்கவில்லை.

மைமூன் பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். முன்னால் இடதுபக்கம் ஜாக்கியை வைத்தாள்.

“தூக்குங்க.”

காசிமாயன் தூக்கினார். சக்கரம் தரையை விட்டதும் வண்டிக்கடியில் டங்கென்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே சக்கரம் கால்வட்டம் சுற்றி நின்றது. அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

“இப்ப ஃபோர் வீல் கம்பியை எடுங்க.”

நான்கு சக்கரத்தையும் சேர்ந்து இழுக்க வைக்கும் கம்பி அது. நேற்று இரண்டு கையால் இழுத்தும் அசையாதது, இப்போது இரண்டு விரலுக்கு வந்தது.

“ஃபோர் வீலைப் போட்டு மண்ணுல போனா சக்கரம் வழுக்கி, முறுக்கு விட்டுரும். தார் ரோட்டுல விடாது. வளைவுக்கு வளைவு முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கு ஏறிக்கிட்டே இருக்கும்” என்றாள் மைமூன்.

“ஃபோர் வீலைப் போட்டா வீடு வர்றவரைக்கும் எடுக்க வேணாம்னு டிரைவர்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்ததே நான்தான் தாயி.”

“தெரியும்.”

“அப்ப நேத்து நான் தளர்த்திவிட்டது?”

“நல்லா இருந்த பிரேக்கை.”

வீரபத்திரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முறுக்குதான் விட்டுருச்சுல்ல? ஜாக்கியை இறக்கு. காசி, காலைப் பார்க்காம இன்னைக்கு நீயே எடு.”

“பிரேக்கு இல்லீங்க. நாலு வீலும் சரிபண்ண ஒரு மணி நேரமாவது ஆகும்” என்றார் காசிமாயன்.

“சின்ன கியர்ல போ. நீ போகாத ரோடா?”

“எட்டு மணிக்கு மேல போனா கங்காணி திருப்பி அனுப்பிருவான்ணே” என்றாள் பேச்சி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

காசிமாயன் மைமூனைப் பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சரிங்க முதலாளி” என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. மழையிலும் காய்ச்சலிலும், மகள் கல்யாணத்துக்கு மறுநாள் விடிகாலையிலும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வண்டி எடுத்திருக்கிறார். அவர் கண் தூக்கி நின்ற சக்கரத்தின் மேல் போனது. விரலால் தட்டினார். அது பாட்டுக்குச் சுற்றியது.

ஜாக்கிக் கம்பியை உருவினார். மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, கம்பியைத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டார்.

“முடியாது முதலாளி.”

“என்னது?”

“பிரேக்கு பிடிக்காம இந்த வண்டி இங்கேருந்து நகராது.”

“யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுதாடா?”

“தெரியுதுங்க. தாயி, அந்த ஸ்பேனரைக் குடு.”

ஸ்பேனரைப் பேச்சி எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

வீரபத்திரன் மைமூன் பக்கம் திரும்பினார். “இருபத்தாறு வருசம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். என்னம்மா சொல்லிக்குடுத்த இவனுக்கு?”

“ஒரு வீலைத் தூக்கச் சொன்னேன்” என்றாள் மைமூன். “மத்தது தானா விட்டுருச்சு.”