கடைசிக் குழியின் கொடி

கோல்ஃப் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு பந்து, ஒரு பை நிறைய மட்டைகள், பரந்த புல்வெளி, தூரத்தில் ஒரு குழி. குழி இருக்கும் இடத்தைக் காட்ட அதில் ஒரு கொடி. இப்படி வரிசையாகப் பதினெட்டுக் குழிகள். எல்லாம் சேர்த்துக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளியவர் ஜெயித்தார். இவ்வளவுதான் சங்கதி. இதற்காக ஒரு மனிதர் இருபது வருஷம் ஊர் ஊராக அலைந்தார் என்றால் நம்புவீர்களா? அலைந்தார்.

அவர் பெயர் ஹார்லன் பிக்கெட். அமெரிக்காவில் ஓக்லஹோமாக்காரர். ஆட்டம் அருமை, பிடிவாதம் அதைவிட அருமை. இரண்டாம் இடம் வந்திருக்கிறார், மூன்றாம் இடம் வந்திருக்கிறார், முதலிடம் மட்டும் வந்ததே இல்லை. கடைசிக் குழிக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் போதும், மனிதருக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிடும். நீள மட்டையை வாங்கி, ஒரே அடியில் தாண்டுகிறேன் பார் என்று ஓங்கி அடிப்பார். பந்து குளத்தில் குளிக்கப் போய்விடும்.

மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பவர் ஓடிஸ். அந்த வேலை செய்பவரைக் கேடி என்பார்கள். நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அது மரியாதையான வேலை. யோசனை சொல்வதும் அதில் சேர்த்திதான். "வேண்டாம் ஹார்லன், தாண்டாது" என்பார் ஓடிஸ். ஹார்லன் கையை நீட்டுவார். சிநேகிதனிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல் ஓடிஸ் நீள மட்டையைக் கொடுத்துவிடுவார். ஹார்லன் அடங்குவது மனைவி டெலியா ஒருத்திக்குத்தான். அவள் முறைத்தால் பாதி கடித்த கேக்கைக்கூடத் தட்டில் வைத்துவிடுவார். அதைப் பார்த்து ஓடிஸ் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார்.

கேடிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை ஆட்டக்காரருக்கு. கடைசிக் குழியில் அவர் பந்தை உள்ளே தள்ளும்போது பையைச் சுமந்து நின்றவர் யாரோ, அந்தக் குழியின் கொடி அவருக்கு. மற்ற கேடிகள் வீட்டுச் சுவரில் கொடிகள் தொங்கும். ஓடிஸ் வீட்டில் என்றோ அடித்து வைத்த ஓர் ஆணி மட்டும் இருந்தது.

முதுகுவலி முற்றி, இதுதான் என் கடைசிப் போட்டி என்று ஹார்லன் சொல்லிவிட்டார். அந்தப் போட்டியில் என்ன ஆச்சரியம்! கடைசிக் குழிக்கு வரும்போது அவர்தான் முன்னால் இருந்தார். இனி ஐந்து அடிக்குள் முடித்தால் கோப்பை. ஆனால் குழிக்கு முன்னால் குளம்.

முதல் அடி நன்றாக விழுந்தது. பந்தை நோக்கி நடக்கையில் ஓடிஸ் "ஐயோ!" என்று இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை, மெத்தென்ற புல். விழுந்ததோ கயிற்றுக்கு அப்பால் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் டெலியா நின்ற இடத்துக்கு நேர் எதிரே. ஹார்லன் ஓடி வந்தார். ஓடிஸ் டெலியாவைக் கூப்பிட்டார், காதில் ஏதோ சொன்னார், அரிசி மூட்டை கனம் கனக்கும் பையை அவள் தோளில் மாட்டினார். கேடியை மாற்றிக்கொள்ள ஆட்டத்தின் விதி இடம் தருகிறது.

குளம் எதிரே வந்தது. ஹார்லன் கையை நீட்டினார்.

"நீள மட்டை."

"தர மாட்டேன்."

"டெலியா, தாண்டிவிடும்!"

"இருபது வருஷமாகத் தாண்டுகிறதே, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்."

அவள் முறைத்தாள். அவர் சின்ன மட்டையை வாங்கி, குளத்துக்கு இந்தப் பக்கமே பந்தை நிறுத்தினார். அடுத்த அடியில் நிதானமாகத் தாண்டினார். இரண்டு தட்டில் பந்து குழிக்குள் விழுந்தது. இருபது வருஷத்து ஏக்கம் தீர்ந்ததில் ஹார்லன் குழந்தை மாதிரி அழுதார்.

மாலையில் கோல்ஃப் மன்றத்து மண்டபத்தில் பாட்டும் விருந்தும். ஓடிஸ் டெலியாவின் கையைப் பிடித்து, இடது காலை ஊன்றி ஊன்றிச் சுழன்று ஆடினார். கொடி ஹார்லன் மடியில் இருந்தது.

"இத்தனை வருஷம் சுமந்தது ஓடிஸ். மட்டையைத் தராதே என்று என் காதில் சொன்னதும் அவர்தான். கொடி அவருக்கு" என்றாள் டெலியா.

"சொல்ல யாராலும் முடியும். மறுத்தது நீ. கடைசியில் பை உன் தோளில் இருந்தது. வழக்கம் வழக்கம்தான்" என்றார் ஓடிஸ்.

இனி இன்னொரு கொடி கிடைக்கப் போவதில்லை. இதைக் கிழித்துப் பங்கு போடவும் முடியாது. ஹார்லன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் உங்கள் கண்ணெதிரே நடந்தது. நீங்களே சொல்லுங்கள், கொடி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஓடிஸுக்குத்தான். மெத்தென்ற புல்லில் சுளுக்கிய கால் மாலையில் எப்படி ஆடும்? தன் பேச்சு எடுபடாது, அவள் பேச்சுதான் எடுபடும் என்று தெரிந்து, சுவரில் ஆணியோடு காத்திருந்த மனிதர், கொடி கைமாறும் என்று தெரிந்தே பையை இறக்கி வைத்தார். வழக்கம் தோளைப் பார்க்கிறது. ஹார்லன் அந்தக் காலைப் பார்த்துவிட்டார். எழுந்துபோய், "கணுக்கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "எந்தக் கணுக்கால்?" என்றார் ஓடிஸ். ஹார்லன் கொடியை அவர் தோளில் போட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.