தாழங்கரையில் காலியாகக் கிடந்த வளை

ஆலங்கண்மாய்க் கரையில் மருதாயி என்ற கீரியும் அவள் புருஷன் தவசியும் குடியிருந்தார்கள். அந்த வருஷம் சித்திரை பிறப்பதற்குள் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. தவளை இல்லை, நண்டு இல்லை. பாம்புகூட ஊரைக் காலி செய்துவிட்டது. பாம்பே போன பிறகு கீரிக்கு அங்கே என்ன வேலை?

"கடற்கரைக்குப் போயிடலாம் மருதாயி! அங்க நண்டு காலுக்கடியிலேயே ஓடுதாம்!" என்றான் தவசி.

மருதாயிக்கு நிறைமாதம். இன்றோ நாளையோ என்று வயிறு இறங்கியிருந்தது. நாலு எட்டு நடப்பதே பெரும்பாடு. ஆனால் தாய் வயிற்றில் ஏதாவது விழுந்தால்தானே பிறக்கிற பிள்ளைக்குப் பால் சுரக்கும்!

"போவோம். ஆனா எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணுங்க. பிள்ளைங்க பிறக்கிறதுக்குள்ள காய்ஞ்ச இடத்துல ஒரு வளை!" என்றாள் அவள்.

முன்பே பிடித்துக் காயவைத்திருந்ததில் மிச்சமிருந்த ஏழு தவளைகளைச் சருகில் கட்டி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் நடந்து, மூன்றாம் நாள் காலையில் தாழங்கரை போய்ச் சேர்ந்தார்கள்.

சேர்ந்ததும் மருதாயி மலைத்துப்போய் நின்றுவிட்டாள். கடலுக்குப் போகிற பாதை ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் முள் தாழை. அந்த ஒற்றையடிப் பாதையில் நரி, காட்டுப்பூனை, முள்ளம்பன்றி, உடும்பு, பெருச்சாளி என்று ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓர் ஆமை! அதைத் தாண்டவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. பின்னாலிருந்தவர்கள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, இங்க ஏதும் திருவிழாவா?" என்று ஒரு பெருச்சாளியிடம் கேட்டான் தவசி.

"திருவிழாவா! வேலைக்குப் போறோம்யா! ரெண்டு கல் தள்ளிப் பனங்காட்டுல இருந்து இருட்டோட கிளம்பினேன், இன்னும் கடலைப் பார்க்கல. சாயங்காலம் இதே கூட்டத்துல திரும்பணும். நகருங்க, நகருங்க!" என்ற பெருச்சாளி மருதாயியின் வாலை மிதித்துக்கொண்டு போனது.

மருதாயிக்கு வலித்ததைவிட ஆச்சரியம்தான் அதிகம். கடலில் வேலையை வைத்துக்கொண்டு இரண்டு கல் தள்ளிக் குடியிருப்பார்களா! சரியான பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டாள். வேறெதையும் யோசிக்கவில்லை.

வளை பிடித்துத் தருகிற தரகர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் ஓர் உள்ளான். அலை வந்தால் பின்னால் ஓடி, அலை போனால் முன்னால் ஓடி, புழு பொறுக்கித் தின்னும் குச்சிக்கால் பறவை. நின்று பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"வளையா? பொந்தா? குடும்பமா? எத்தனை பேர்? வாங்க, வாங்க!" என்று ஓடினார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மருதாயியும் பின்னால் ஓடினாள்.

முதலில் மணல்மேட்டில் ஓர் உடும்பின் வளை. அது தன் வளையை நான்காகத் தடுத்து, மூன்றை வாடகைக்கு விட்டிருந்தது.

"ஒரு நாளைக்கு ரெண்டு மீன். அட்வான்ஸ் பத்து மாசம்," என்றது உடும்பு.

"பத்து மாசமா! அறுநூறு மீனா!" மருதாயிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. "அறுநூறு மீன் இருந்தா நான் ஏன்யா ஊரை விட்டு வர்றேன்?"

"வேண்டாம்னா போங்க. பின்னால பத்துப் பேர் நிக்கிறாங்க."

தவசி உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். தலைதான் போனது. "இதுல திரும்பிப் படுக்கணும்னா என்ன பண்றது?"

"வெளியே வந்து திரும்பிட்டு மறுபடி உள்ள போகணும்," என்றது உடும்பு, கொஞ்சமும் சிரிக்காமல்.

அடுத்தது புன்னை மரத்தடியில் ஒரு முயலின் வளை. முயல் மூக்கை மட்டும் வெளியே நீட்டி இருவரின் பல்லையும் பார்த்தது.

"சைவமா?"

"இல்லீங்க. ஆனா வீட்டுல ஒண்ணும் சாப்பிட மாட்டோம், எல்லாம் வெளியிலதான்!" என்று தவசி கெஞ்சினான்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல. வீட்டுக்காரிதான் ஒத்துக்க மாட்டா," என்ற மூக்கு சட்டென்று உள்ளே போய்விட்டது.

"பனங்காட்டுல ஒண்ணு இருக்கு. ஒரு நாளைக்கு அரை மீன்தான். உள்ள ஓடியாடலாம்," என்றார் உள்ளான்.

"அந்தக் கூட்டத்துல ரெண்டு கல்லா! பிள்ளை அழுதா இவ எப்போ வந்து பால் கொடுக்கிறது?" என்று தவசி சீறினான். மருதாயிக்கும் அது சரியென்றுதான் பட்டது. அவள் கால்கள் வீங்கி, நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டு உள்ளான் குரலைத் தாழ்த்தினார். "முகத்துவாரத்துல ஒண்ணு காலியா கிடக்கு. கடல் பக்கத்துலயே. கூட்டமே கிடையாது. அதுவும் ஒரு நாளைக்கு அரை மீன்தான்."

அரை மீனுக்குக் கடலோரத்திலா! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு கடலில் சேருகிற இடத்தில், கரையின் அடியில், தாழை வேருக்குக் கீழே இருந்தது அந்த வளை. பெரிய வளை! தரை குளுகுளுவென்று இருந்தது. சித்திரை வெயிலில் வெந்து வந்த மருதாயி அதில் வயிற்றை வைத்துப் படுத்தாள். அப்பாடா என்றிருந்தது. ஒரு எலும்புத் துண்டு இல்லை, ஒரு முடி இல்லை, ஒரு வாடை இல்லை.

"முன்னாடி இருந்தவங்க எவ்வளவு சுத்தமானவங்க பாருங்க! கழுவி வச்ச மாதிரில்ல இருக்கு!" என்றாள்.

"ஆமாமா, கழுவினதுதான்," என்றார் உள்ளான், ஓடிக்கொண்டே.

தவசி லேசில் ஏமாறுகிற ஆளா? கண்மாய்க் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் ஆயிற்றே! வெளியே வந்து தண்ணீரைப் பார்த்தான். அது ஐம்பது எட்டுக்கு அப்பால் கிடந்தது.

"தண்ணி விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது, மருதாயி. சித்திரையில இவ்வளவு தூரம் உள்வாங்கின தண்ணி, ஐப்பசி மழைக்குத்தான் ஏறும். அதுக்குள்ள நம்ம பிள்ளைங்க நாலு பாம்பு அடிச்சிருக்கும்! என்ன தரகரே, ஐப்பசியில ஏறும்ல?"

"ஐப்பசியில நல்லாவே ஏறும்!" என்றார் உள்ளான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கண்மாய்த் தண்ணீர் மாதக்கணக்கில் ஏறி மாதக்கணக்கில் வற்றும். காலையில் ஏறி மதியம் இறங்கி மறுபடி சாயங்காலம் ஏறுகிற தண்ணீரும் உலகத்தில் உண்டு என்று அந்த இரண்டு அப்பாவிகளுக்கும் யார் சொன்னார்கள்? ஏழு தவளைகளையும் அட்வான்ஸாக எண்ணிக் கொடுத்தார்கள். உள்ளான் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

அன்று பிற்பகலிலேயே மருதாயிக்கு வலி கண்டது. நான்கு பிள்ளைகள்! கண் திறக்காத, விரல் நீளக் குட்டிகள். தவசி ஒரு நண்டைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். அதைத் தின்றுவிட்டு, பிள்ளைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மருதாயி அயர்ந்து தூங்கினாள். பிள்ளைகள் பிறக்குமுன் வளை கிடைத்துவிட்டது, இனி ஒரு கவலையும் இல்லை என்ற தூக்கம் அது.

பொழுது சாய்கிற நேரத்தில் வயிற்றுக்கடியில் ஈரம் தட்டியது. பிள்ளை பெற்ற ஈரம்தான் என்று நக்கினாள்.

உப்பு!

பதறி எழுந்து வெளியே எட்டிப் பார்த்தாள். மதியம் பார்த்த ஐம்பது எட்டு மணலைக் காணவில்லை! தண்ணீர் வாசலில் நின்றது.

"ஏங்க! தண்ணி வருதுங்க!"

"சித்திரையிலயா? இருக்காது!" என்றபடி வந்த தவசியின் முகத்தில் ஒரு அலை அடித்தது. அவன் திகைத்துப்போய்த் தண்ணீரையே பார்த்தான். "ஏய்! இன்னும் ஐப்பசி வரலையே! மழையே பெய்யலையே!" என்று அதனிடமே நியாயம் கேட்டான்.

தண்ணீர் நியாயம் பேசுமா? அடுத்த அலை வளைக்குள்ளேயே புகுந்தது.

வாய் இரண்டு, பிள்ளைகள் நான்கு. ஆளுக்கொரு பிள்ளையைக் கவ்விக்கொண்டு, மற்ற இரண்டையும் உள்ளே மேடான மூலையில் தள்ளிவிட்டு, கரையேறினார்கள். ஏறினால் அதே ஒற்றையடிப் பாதை! கடலில் தண்ணீர் ஏறுகிற நேரம், வேலைக்குப் போன அத்தனை பேரும் வீடு திரும்பும் நேரம். பிள்ளையைக் கீழே வைக்க ஒரு சாண் இடமில்லை. வைத்தால் அடுத்த கால் அதன் மேல்தான் விழும்.

மருதாயி கூட்டத்துக்குள் முட்டினாள்.

"யாரும்மா அது, நடுவுல நுழையறது? வரிசையில வா!" என்று நரி உறுமியது.

"ஊருக்குப் புதுசு போல. ஒரு முறையும் தெரியல!" என்றது முள்ளம்பன்றி.

வாயில் பிள்ளை இருக்கிறதே, எப்படிப் பதில் சொல்வாள்! "ம்ம்! ம்ம்!" என்று முனகினாள். தவசியும் பக்கத்தில் "ம்ம்! ம்ம்!" என்று துடித்தான். வாயில் ஏதோ இரையை வைத்துக்கொண்டு அவசரப்படுகிறார்கள் என்று எல்லாரும் திட்டினார்கள். கீழே வளையில் இரண்டு பிள்ளைகள் கிடக்கின்றன. இங்கே ஒருவரும் ஒரு அடி விலகவில்லை. இத்தனை பேர் மத்தியில் நின்றுகொண்டு பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறோமே என்று அவளுக்கு உயிரே போயிற்று.

அப்போது காலையில் பார்த்த ஆமை அசைந்து அசைந்து பக்கத்தில் வந்தது. மருதாயி பாய்ந்து, வாயிலிருந்த பிள்ளையை ஆமையின் முதுகில் வைத்தாள்.

"ஐயோ! என் வீட்டுல தண்ணி! முகத்துவாரத்துல இன்னும் ரெண்டு பிள்ளைங்க!" என்று அலறினாள்.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. நரியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"முகத்துவாரத்துலயா குடி வந்தீங்க? அடக் கடவுளே, இன்னைக்குப் பௌர்ணமியாச்சே, கடல் இன்னும் மேல ஏறுமே! வழி விடுங்கய்யா!" என்று கத்தியது பெருச்சாளி.

தவசியும் தன் பிள்ளையை ஆமையின் முதுகில் வைத்தான். அத்தனை பேரும் முள் குத்தக் குத்தத் தாழைக்குள் ஒதுங்கினார்கள். இருவரும் வந்த வழியே பறந்தார்கள். தவசி முதலில் வளைக்குள் பாய்ந்து ஒரு பிள்ளையோடு வந்தான். அவன் வெளியே வரவும் அலை வாசலை மூடவும் சரியாக இருந்தது.

மருதாயி தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தாள். கரையில் நின்ற தவசியால் கூப்பிடவும் முடியவில்லை, வாயில் பிள்ளை. ஓர் அலை வந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மூன்றாவது அலையில் அவள் தலை தெரிந்தது. வாயில் நான்காவது பிள்ளை, அசையாமல் தொங்கியது.

இருவரும் பாதைக்கு ஓடி வந்தபோது ஆமை அங்கேயே நகராமல் நின்றது. நாளெல்லாம் வெயில் காய்ந்த அதன் ஓடு இன்னும் சூடாக இருந்தது. பிள்ளையை அதன் மேல் குப்புறப் போட்டு, மருதாயி முதுகை நக்கினாள், நக்கினாள், நக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் குட்டி ஒரு வாய் உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு, "கீச்!" என்றது. மருதாயி ஓவென்று அழுதாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளான் அலைக்கு முன்னால் ஓடி வந்தார்.

"ஏன்யா சொல்லல?" என்று தவசி பாய்ந்தான்.

"நீங்க ஐப்பசியைக் கேட்டீங்க. நான் ஐப்பசியைச் சொன்னேன்!" என்று பறந்துவிட்டார் உள்ளான்.

மருதாயி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெருச்சாளியிடம் கேட்டாள்: "அண்ணே, அந்த வளை காலியா கிடக்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன! இந்தப் பாதையில போற அத்தனை பேருக்கும் தெரியும்."

"காலையில என் வாலை மிதிச்சீங்களே! அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே, தங்கச்சி!"

மருதாயிக்குச் சுரீரென்றது. பக்கத்திலேயே பெரிய வளை ஒன்று சும்மா கிடக்க, இத்தனை பேரும் இரண்டு கல் நெருக்கியடித்து நடக்கிறார்களே, ஏன் என்று அவள் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. பைத்தியக்காரக் கூட்டம் என்று சிரித்தாள். தண்ணீரைக் கண்டபோது வராத நடுக்கம் அவளுக்கு இப்போது வந்தது.

ஆமை நான்கு குட்டிகளோடு பனங்காட்டை நோக்கி நடந்தது. மருதாயியும் தவசியும் வரிசையில் பின்னால் நடந்தார்கள். அன்று அந்தப் பாதையில் யாரும் யாரையும் முந்தவில்லை.

ஓரிடத்தில் குடியேறுமுன், அதைக் காட்டுகிறவரிடம் மட்டும் கேட்காமல், அதை விட்டு விலகிப் போகிறவர்களிடமும் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.