அகாப்யாவின் பொதி

பாய்மரக் கப்பல்கள் ஓடிய நாளில், ருஷ்ய நாட்டின் வடகோடித் துறைமுகம் ஒன்றில் லவ்ரெந்தி என்பவர் ஆளிநாருக்குத் தரம் பார்த்து வந்தார். ஆளிச்செடியின் நாரைப் பொதி பொதியாகக் கட்டிப் படகில் கொண்டுவருவார்கள். அவர் பார்த்துச் சரி என்றால், கட்டுக் கயிற்றில் ஓர் ஈயத்துண்டைக் கோத்து இடுக்கியால் அழுத்துவார். இடுக்கியின் வாயில் செதுக்கியிருந்த அவர் பெயர் அதில் பதியும். அந்தப் பெயரைக் கண்டால் போதும், கடலுக்கு அக்கரையில் பொதியைப் பிரிக்காமலே வாங்கிக்கொள்வார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்த தீகோன் அவரைவிட வயதில் மூத்தவர். மனைவி இறந்தபின் நிலத்தை விட்டுவிட்டு வந்தவர். பொதிக்குள் கையை விட்ட மாத்திரத்தில் நாரின் குணத்தைச் சொல்லப் பழகியிருந்தார். ஆனால் லவ்ரெந்தி அவரிடம் இடுக்கியை ஒருநாளும் கொடுத்ததில்லை.

கோடையின் நடுவில் அந்த ஊரில் இருட்டுவதே இல்லை. வானமும் ஆறும் ஒரே பால் நிறத்தில் கிடக்கும். படகுகள் ஆற்றில் வருகின்றனவா, வானத்திலிருந்து இறங்குகின்றனவா என்று தெரியாது. அப்படி வந்த ஒரு படகிலிருந்து அகாப்யா ஒரு பொதியோடு இறங்கினாள். தீகோனின் மனைவிக்குத் தங்கை. அக்காள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவள். இப்போது அவள் கணவனும் நடக்க முடியாமல் கிடந்தான். பிள்ளைகளின் குளிர்காலத்து ரொட்டி அந்த ஒரு பொதியை நம்பித்தான் இருந்தது.

தீகோன் பொதிக்குள் கையை விட்டார். மேல்நார் பட்டுப்போல வழுக்கியது. முழங்கைவரை போனதும் விரல்களில் சில்லென்று பட்டது. எடை கூடுவதற்காக நடுவில் ஈரநாரை வைத்துக் கட்டியிருந்தாள். கப்பலின் அடியறையில் அது அழுகும். பக்கத்துப் பொதிகளையும் அழுக வைக்கும்.

அந்தக் குளிர்ச்சி அவருக்குத் தெரிந்த குளிர்ச்சி. கடைசியாக மனைவியின் கையைப் பிடித்தபோது அப்படித்தான் இருந்தது. கையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. ஆற்றின் மேல் பனிமூட்டம் நகர்ந்தது. அகாப்யாவின் முகம் ஒரு கணம் அவள் அக்காள் முகமாகத் தெரிந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று லவ்ரெந்தி கேட்டார்.

"நல்ல நார்."

லவ்ரெந்தி எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே இடுக்கியை நீட்டினார். "அப்படியானால் நீங்களே அழுத்துங்கள்."

தீகோன் ஈயத்தைக் கயிற்றில் கோத்தார். இடுக்கியின் வாயில் வைத்தார். கை மூட மறுத்தது.

"நீங்கள் பார்க்கவில்லையே, ஐயா."

"நீங்கள் பார்த்தீர்களே."

ஆறு ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நடுவில் ஈரம்" என்றார் தீகோன், அகாப்யாவைப் பார்க்காமல்.

அவள் மறுக்கவில்லை. தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள். லவ்ரெந்தி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பொதியைப் பிரிக்கச் சொன்னார். மூவரும் ஈரநாரைக் கரைக்கற்களின் மேல் பரப்பினார்கள். மறையாத வெயில் அதை உலர்த்திக்கொண்டே இருந்தது. காய்ந்ததும் சேர்த்துக் கட்டினார்கள். பொதி சிறுத்திருந்தது. தீகோன் ஈயத்தை அழுத்தினார்.

கிடைத்த பணம் பாதிக் குளிர்காலத்துக்குத்தான் வரும். மீதிக்குத் தன் கூலியை அனுப்புவதாகத் தீகோன் சொன்னார். படகில் ஏறும்முன் அகாப்யா அவர் சட்டைக்கையில் ஒட்டியிருந்த நார்த்துணுக்கை எடுத்துவிட்டுப் போனாள்.

படகு வெளிச்சத்துக்குள் கரைந்தபின் தீகோன் மெல்லக் கேட்டார்.

"ஐயா, நான் அப்போதே அழுத்தியிருந்தால்?"

"கப்பலில் ஏறியிருக்கும்."

"உங்கள் பெயர் கெட்டுப்போயிருக்குமே."

லவ்ரெந்தி அடுத்த பொதியை நோக்கி நடந்தார்.

"அது அப்போது உங்கள் கையில் இருந்தது" என்றார்.