வல்லாரையும் மீன் எண்ணெயும்

குருவுக்கு நாற்பது வயதுதான். சீடர் சங்கரலிங்கம் அவருக்குச் சித்தப்பா வயதுக்காரர். ஆனாலும் மடத்துக்குள் வந்துவிட்டால் கைகட்டித்தான் நிற்பார். அன்று நிற்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார்.

ஒன்று வல்லாரை மாத்திரை, மற்றது மீன் எண்ணெய் மாத்திரை. இரண்டும் டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கிடைப்பவை. இரண்டிலுமே ஞாபக சக்திக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் மனைவி கோமதிக்கு மறதி முற்றிக்கொண்டே வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மனிதருக்கு மனசு கேட்குமா?

“ஒரு மாசம் இதைக் குடுத்தேன், ஒரு மாசம் அதைக் குடுத்தேன் சாமி. ரெண்டுல எது நல்லதுன்னு பிடிபடலை. நீங்கதான் சொல்லணும்.”

“குணம் தெரியுதா இல்லையான்னு எப்படிப் பாக்கீங்க?” என்று கேட்டார் குரு.

சங்கரலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார். தினமும் காலையில் காப்பி குடித்து முடித்ததும், நம்ம வடிவு எங்கே என்று கோமதியிடம் கேட்பாராம். வடிவு அவர்களுடைய ஒரே மகள். போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வேலைக்குப் போயிருக்கா என்பாளாம் கோமதி. சில நாள், குளிச்சிட்டிருக்கா என்பாளாம். இவர் உண்மையைச் சொல்வார். அப்போதுதான் கேள்விப்பட்டவளாக அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். மத்தியானத்துக்குள் அதுவும் மறந்துபோகும். மறுநாள் காலையில் மறுபடியும் கேட்பார்.

கொடுமைதான். அது அவருக்கும் தெரியாமல் இல்லை.

“வேற ஏதாவது கேட்டுப் பாக்கலாமே. கிழமையைக் கேக்கலாம். அவங்க பிறந்த ஊரைக் கேக்கலாம்.”

“கேக்கலாம் சாமி.”

“ஏன் கேக்கலை?”

சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவ அழுதாத்தான் நானும் கூட உக்காந்து அழ முடியுது. மத்த நேரமெல்லாம் அந்த வீட்டுல பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.”

குரு புட்டிகளைத் தொடவில்லை. தாம் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து இறங்கி வந்து, சீடருக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“நாளைக்குக் காலையில இங்க வாங்கய்யா. வடிவு எங்கேன்னு அவங்ககிட்ட கேக்காம என்கிட்ட கேளுங்க.”