அரைச் சொல் மாஸ்டர்

இலுப்பைக் காட்டுக் கல்லூரியில் கருங்கொம்பன் என்ற கலைமான் ஓட்டப் பயிற்சியாளராக இருந்தார். மான்களும் முயல்களும் அவரிடம் ஓடப் பழகின. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

ஏரிக்கு அக்கரையில் பாறைக்காட்டுக் கல்லூரி இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் இரண்டு கல்லூரிகளுக்கும் ஓட்டப் பந்தயம் நடக்கும். ஜெயித்த காட்டுக்குக் கோடை முழுவதும் ஏரிக்கரைப் புல் சொந்தம். தோற்ற காடு காய்ந்த மேட்டுச் சரிவில் மேய வேண்டியதுதான். ஆகவே அது வெறும் விளையாட்டு இல்லை, வயிற்றுப் பிரச்சினை.

மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இலுப்பைக் காடு தோற்றுக்கொண்டே இருந்தது. அவரும் தலைகீழாக நின்று பார்த்தார். மாணவர்களின் கால்களுக்குப் பலம் வந்தது. வெற்றி மட்டும் வரவில்லை. ஒரு பந்தயத்தன்று நடுவர் நாரையின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. நாரை "ஓடு!" என்று சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் பாய்கிறார்கள்!

மறுநாளே மாணவர்களை வரிசையில் நிறுத்தினார்.

"'ஓடு'ங்கிறதுல எத்தனை எழுத்து?"

"ரெண்டு, மாஸ்டர்!"

"நமக்கு ஒண்ணு போதும். 'ஓ'ன்னு காதுல விழுந்ததும் பாயணும். 'டு' வர்ற வரைக்கும் நிக்கிறவன் மண்ணைத்தான் மேயணும்!"

வெண்குளம்பி என்ற இளம் பெண்மான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "'ஓ'வுக்கு அப்புறம் வேற ஏதாவது வந்துட்டா, மாஸ்டர்?"

"வேற என்ன வரப்போகுது? காது கேக்கட்டும், கால் ஓடட்டும். தலையைக் குனிஞ்சுக்கோ. நடுவுல யோசிக்கிறது உன் வேலை இல்ல!"

வெண்குளம்பி நல்ல பெண். அதற்குப் பிறகு அவள் யோசிக்கவே இல்லை. 'ஓ' காதில் விழுவதற்கும் அவள் குளம்பு எழுவதற்கும் இடையில் ஒரு ஈ பறக்கக்கூட இடம் இருக்காது. அந்த ஆண்டு இலுப்பைக் காடு ஜெயித்தது. அடுத்த ஆண்டும் ஜெயித்தது. குட்டிகள் ஏரிக்கரையில் வயிறு நிறைய மேய்ந்தன. மாஸ்டரின் கொம்பு முன்பைவிடக் கொஞ்சம் நிமிர்ந்தது.

புகழ் வந்தால் கூடவே நரியும் வரும். ஒரு நாள் வந்தது.

"கும்பிடறேன் மாஸ்டர்! நாலு காட்டுலயும் உங்க பேச்சுதான். அப்படி என்னதான் ரகசியம்? எனக்கு மட்டும் சொல்லக்கூடாதா?"

கருங்கொம்பன் அதைத் துரத்தியிருக்க வேண்டும். ஆனால் புகழ்ச்சி யாரைத்தான் விட்டது! "சொல்றது என்ன, காட்டவே காட்டறேன்" என்று வரிசையைப் பார்த்து, "ஓணான்!" என்று கத்தினார். அவ்வளவுதான்! அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் பாய்ந்து, ஓட்டத் தடத்தின் கோடியிலிருந்த ஆவாரம் புதரைத் தொட்ட பிறகுதான் நின்றார்கள். ஓணான் எங்கே என்று ஒருவரும் பார்க்கவில்லை. மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நரியும் சிரித்தது. போகும் வழியில் அது சிறுத்தையின் குகைக்குள் நுழைந்தது.

"அண்ணே, துரத்துற வேலையே வேணாம். ஆவாரம் புதருக்குள்ள படுத்துக்கோ. சாப்பாடு தானா ஓடி வரும். எனக்கு எலும்பு மட்டும் மிச்சம் வை!"

மறுநாள் காலை பயிற்சி தொடங்கியது. காற்று மாணவர்கள் பக்கமிருந்து புதரை நோக்கி வீசியதால், சிறுத்தையின் வாடை யார் மூக்குக்கும் எட்டவில்லை. வெண்குளம்பி நடுவில் நின்றாள். அவள் அம்மா சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தாள்.

"இடத்தில் நில்! தயார்!"

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அடுத்த சொல்லுக்கு மாஸ்டர் வாயைத் திறந்தார். அப்போது ஆவாரம் பூக்களுக்கு நடுவே ஒரு வால் நுனி அசைந்ததைப் பார்த்துவிட்டார். உயிரைக் கொடுத்துக் கத்தினார்.

"ஓடாதீங்க!"

ஆனால் 'ஓ'விலேயே அவர்கள் பாய்ந்துவிட்டார்கள். மிச்ச எழுத்துகள் வெறும் தடத்தின் மேல் போய் விழுந்தன.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று அலறிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். காதுகளுக்குள் காற்றின் இரைச்சல், யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் உறுமலைக் கேட்டுச் சிதறித் தப்பினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவள் வெண்குளம்பி. அவளுக்குத் திரும்ப நேரமில்லை.

அன்று முழுவதும் மாஸ்டர் தடத்தைவிட்டு நகரவில்லை. அவரைத் திட்டவும் யாரும் வரவில்லை. வெண்குளம்பியின் அம்மா மட்டும் வந்து நின்றாள்.

"என் பொண்ணு உங்க பேச்சை மீறலியே, மாஸ்டர்?"

"மீறலம்மா" என்றார் கருங்கொம்பன். "நான் சொல்லிக் கொடுத்தபடியே செஞ்சா. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார்.

வேலையை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். போகவில்லை. தான் கற்றுக்கொடுத்த தப்பைத் தானே திருத்த வேண்டும் என்று மறுபடி தடத்தில் வந்து நின்றார். "ஓடு!" என்பார், "ஓடாதே!" என்பார், "ஓரம் போ!" என்பார். முழுச் சொல்லையும் கேட்காமல் பாய்ந்தவரை உட்கார வைத்தார். நிமிர்ந்து முன்னால் பார்த்துக்கொண்டே ஓடச் சொன்னார்.

அடுத்த பந்தயம் வந்தது. இதற்குள் பாறைக்காட்டுக்காரர்கள் பழைய ரகசியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாரை "ஓ" என்றதும் அவர்கள் பாய்ந்தார்கள். இலுப்பைக் காட்டுக்காரர்கள் முழுச் சொல்லுக்கும் நின்று, பிறகு ஓடினார்கள். தோற்றார்கள். ஏரிக்கரைப் புல் கைவிட்டுப் போனது.

"இப்படியும் ஒரு மாஸ்டரா! நம்ம வயித்துல அடிச்சிட்டாரே!" என்று காடே முணுமுணுத்தது. கருங்கொம்பன் தலைகுனிந்து நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெண்குளம்பியின் அம்மா வந்தாள். அவளை ஒட்டி ஒரு சின்னப் பெண்மான் நின்றது.

"நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க" என்றாள் அவள். "அது என்னால முடியாது. ஆனா என் சின்னவளை உங்ககிட்டதான் விடுவேன்."

ஜெயிக்கும் அவசரத்தில் சொல்லைப் பாதியில் கேட்கப் பழக்கினால், காப்பாற்றக் கத்தும் குரலே ஒரு நாள் உயிரை வாங்கிவிடும்.